"பாதியாக் கொறச்சுடுங்க": வீட்டு மரத்தைப் பதமாகக் கவாத்து செய்வது எப்படி

வைகாசி பிறந்து மேற்கத்திக் காற்று கிளம்பியதும் மரக்கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்யும் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வரும் அந்தக் காற்றுதான் உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுற்ற வைக்கிறது. வீட்டோரம் வேம்பு வைத்திருப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான். "ஏனுங்க, மரம் ஊட்டு மேல சாஞ்சுரும் போல இருக்குது. பாதியாக் கொறச்சுடுங்க."

அந்தப் 'பாதி'யை அப்படியே எடுத்துக்கொண்டால் வேலை கெட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் சிங்காநல்லூரில் ஒரு புங்கனை நட்டநடுவில் மட்டம் பார்த்து மொட்டையடித்தேன். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம், டீ வாங்கிக் கொடுத்தார். ஒரே வருஷத்தில் ஒவ்வொரு வெட்டுவாயிலும் விளக்குமாறு மாதிரிப் போத்துகள், அதாவது கொத்துக் கொத்தான புதுக் கிளைகள். அவை பட்டைக்கு அடியிலிருந்து முளைப்பவை. உள்மரத்தில் பிடிமானம் கிடையாது. அடுத்த ஆடிக் காற்றில் ஒன்று கிழிந்து அவருடைய கார் மேலேயே விழுந்தது. அப்போது அவர் கேட்டதை இங்கே எழுத முடியாது.

1. என்ன தொந்தரவு என்று கேளுங்கள்

எவ்வளவு வெட்டணும் என்று கேட்காதீர்கள். எதனால் வெட்டணும் என்று கேளுங்கள். பேரூர்ப் பக்கம் ஒரு ஆத்தா, முற்றத்து மாமரத்தைப் பாதியாக்கச் சொன்னார். "ஏனுங்க ஆத்தா, மரம் என்ன பண்ணுது?" என்றேன். "கொடியில துணி காயறதில்ல கண்ணு" என்றார். கீழே நின்று பார்த்தால், காலை வெயிலை மறைப்பது கிழக்கே நீண்ட மூன்று வாதுகள், அதாவது கிளைகள்தான். அந்த மூன்றைச் சுருக்கியதும் ஆத்தாவின் பிரச்சனை தீர்ந்தது, மரமும் மரமாகவே இருந்தது.

சிலருக்குக் குறை வாசலில் விழும் இலை. அதற்குக் கவாத்து மருந்தல்ல என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த வேலையே கை நழுவிப் போகலாம், போகட்டும்.

2. கணக்கைக் காட்டுங்கள்

மரத்தின் தலைப்பு, அதாவது கிளையும் இலையும் பரந்த மேல்பகுதி, 20 அடி அகலம், 20 அடி உயரம் என்று வையுங்கள். சுற்றிலும் ஒரே ஒரு அடி உள்ளே இழுத்தால் இரண்டும் 18 ஆகிவிடும். கன அளவில் 27 விழுக்காடு காலி! இலை பெரும்பாலும் வெளிவட்டத்தில்தான் இருக்கும் என்பதால் மரத்துக்கு இது பெரிய இழப்பு. ஒரே தடவையில் கால் பங்கு இலைக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. இன்னும் குறைய வேண்டும் என்றால் இரண்டு மூன்று வருஷம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் யாருக்கும் புரியாது. போனில் மரத்தைப் படம் எடுத்து, அதன் மேலேயே விரலால் கோடு போட்டுக் காட்டுங்கள். எந்தெந்த வாது, தழையை யார் அள்ளுவது, கூலி எவ்வளவு, எல்லாவற்றையும் வாட்ஸப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். நான் பார்த்த சண்டைகளில் பாதி, தழை அள்ளுவதில் வந்தவைதான்.

3. நாள் பாருங்கள்

மா என்றால் காய் இறக்கிய கையோடு செய்ய வேண்டும். தள்ளிப்போட்டால் புதுக் கிளை முற்றாது; தை, மாசியில் பூவும் வராது. வேம்புக்கு நான் தை மாதம் போவேன், இலை உதிர்த்துத் துளிர்ப்பதற்கு முன்னால். சித்திரை வெயிலில் எதையும் திறந்துவிடாதீர்கள். நிழலில் இருந்த பட்டை வெந்து வெடித்துவிடும். முருங்கைக்கு இந்த விதிகள் எதுவும் பொருந்தாது. அது மூன்றடியில் வெட்டினாலும் தழைக்கும், தனி ஜாதி.

4. ஏறுவதற்கு முன்

கூடு, தேனடை, கதண்டுக் குளவி இருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்தைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்கள், அதுவரை தொடாதீர்கள். காம்பவுண்டுக்கு வெளியே நிற்கும் தெருவோர மரம் வீட்டுக்காரருடையது அல்ல, அனுமதி வேண்டும். புதியவர்கள் தரையில் நின்று நீளக் கழி ரம்பத்துக்கு எட்டுவதை மட்டும் செய்யுங்கள். மாம்பால் பட்டால் தோல் வெந்துபோகும், முழுக்கைச் சட்டை போடுங்கள்.

5. அறுப்பது

கொடுவாள் வேண்டாம், ரம்பம்தான். கொடுவாள் வெட்டு நார் நாராகக் கிழியும்.

கிளையைச் சுருக்கும்போது நடுவில் கட்டையாக நிறுத்தக் கூடாது. பின்னால் தேடிப் போனால் ஒரு பக்கவாது இருக்கும். வெட்டப்போகும் கிளை மூன்று விரல் கனம் என்றால், அந்த வாது ஒரு விரல் கனமாவது இருக்க வேண்டும். அதற்குச் சற்று மேலே, அதன் போக்கிலேயே சாய்வாக அறுங்கள். இனி அதுதான் நுனி. மெலிந்த வாதாக இருந்தால் தாக்குப்பிடிக்காது, மறுபடியும் போத்து கிளம்பும்.

முழுக்கிளையையும் எடுப்பதென்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, அடியிலிருந்து மேல்நோக்கிக் கால்வாசி. இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி மேலிருந்து முழுசாக. பாரம் விழுந்துவிடும், பட்டை உரியாது. மிச்சமிருக்கும் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, அது தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். சட்டைக் காலர் மாதிரி ஒரு தடிப்பு, மேலே சுருக்கம் விழுந்த பட்டை. மூன்றாவது வெட்டு அந்தத் தடிப்புக்கு ஒட்டி வெளியே. தண்டோடு வழித்து எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் காயத்தை மூட வேண்டிய சதையே அந்தத் தடிப்புதான்.

சாணி, தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, மரம் அழுகலை உள்ளேயே சுவர் கட்டி அடைக்கிறது என்று 1970களில் காட்டினார். பூச்சு அழுகலைத் தடுக்கவில்லை என்பதையும் காட்டினார். ஆனாலும் வீட்டுக்காரர் பெயின்ட் டப்பாவோடு வந்து நிற்பார். நான் வாசல் கேட்டைத் தாண்டும் வரை அதை வாங்கி ஓரமாக வைத்துவிடுவேன்.

6. ஒப்படைப்பது

ஐந்து வாதுக்கு ஒரு தடவை கீழே இறங்கி, வீட்டுக்காரரோடு தெருவில் நின்று பாருங்கள். நல்ல கவாத்தில் வெட்டியதே தெரியாது. அதுதான் சிக்கலும். "என்னத்தப் பண்ணுனீங்க, அப்படியேதான இருக்குது?" என்று பேரூர் ஆத்தாவும் கேட்டார். காலையில் எடுத்த படத்தைக் காட்டினேன். போனை எட்டப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, கொடியில் கிடந்த சேலையைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் சுருக்குப்பையை அவிழ்த்தார்.