பூசாமல் விடும் ஒரு முழம்

புது வீட்டுக்குச் சுவர் பூசும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்: வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஒரு முழத்துக்கு ஒரு முழம், சுமார் 48 செ.மீ. சதுரம், பூசாமல் விட வேண்டும். கி.பி. 70-இல் ரோமர்கள் இடித்த, யூதர்களாகிய எங்கள் எருசலேம் ஆலயத்தின் நினைவு அது. எங்கள் சட்ட விளக்க நூலான தல்மூத் சொல்லும் வழக்கம். கறுப்புச் சாயம் தீட்டினால் போதும் என்பார்கள் சிலர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கல் தெரிய வேண்டும். எங்கள் வீட்டில் அதைத் தொட்டால் மணல் உதிரும். படம் மாட்டி மறைக்காதீர்கள்.

அப்புறம், ஆலயம் இடிந்த நாள்: எபிரேய நாட்காட்டியில் ஆவ் மாதம் 9-ஆம் நாள். முந்தின மாலையிலிருந்தே தண்ணீர்கூடக் குடிக்காமல், தரையில் உட்கார்ந்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் புலம்பல் நூலை வாசியுங்கள். மறுநாள் மதியம் தாண்டியதும் எழுந்து வீட்டைப் பெருக்குங்கள். மீட்பரான மேசியா பிறப்பதும் அதே நாளில்தான் என்பது எங்கள் நம்பிக்கை. என் பாட்டி அந்தச் சதுரத்தின் அடியில் உதிர்ந்த மணலைக் கடைசியாகக் கூட்டுவார், வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு.