சின்ன கடல்நீர்த் தொட்டிக்கு ஃபில்டர்: காசு வீணாகும் இடங்கள்

கடல்மீன் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஃபில்டர் மலிவு?" என்றுதான். நியாயமான கேள்வி. ஐம்பது, அறுபது லிட்டர் தொட்டிக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆனால் பெட்டியின் விலையை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, அதைவிட அதிகமாக அப்புறம் செலவழிக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒரு காலத்தில் விழுந்த அதே குழிகளில்தான் இப்போது வருகிறவர்களும் விழுகிறார்கள். பிளக் மாட்டாமல் விடுவது, தொட்டி அளவே பார்க்காமல் வாங்குவது போன்றவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதம் ஒரு கார்ட்ரிட்ஜ்

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். தொட்டியின் பின்பக்கம் தொங்கவிடும் மலிவான ஃபில்டர்கள் பலவற்றுள் ஒரே ஒரு கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும். பிளாஸ்டிக் சட்டத்தைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு, அதனுள் கொஞ்சம் கார்பன், அவ்வளவே. அட்டையில் "மாதம் ஒருமுறை மாற்றவும்" என்று அச்சிட்டிருப்பார்கள். புதிதாக வாங்கியவர் அதை அப்படியே நம்புவார். நம்பாமல் என்ன செய்வார்?

ஒரு மாதம் ஓடிய கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்துத் தொட்டுப் பாருங்கள். பஞ்சு பழுப்பாகி, விரலுக்கு வழவழப்பாகத் தட்டுப்படும். அந்த வழவழப்பில்தான் மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது ஊன்றிக்கொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். சரியாக அது வேர்பிடிக்கும் நேரத்தில் எடுத்துக் குப்பையில் போடச் சொல்கிறது அந்த அட்டை.

தெரிந்த தம்பி ஒருவர் இரண்டு க்ளவுன் மீன் வைத்திருந்தார். தொட்டியில் லைவ் ராக், அதாவது பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை, கிடையாது. மெல்லிய மணலும் பிளாஸ்டிக் பவளமும் மட்டும். அட்டையில் சொன்னபடி கார்ட்ரிட்ஜை மாற்றினார். சுத்தமாக இருக்கட்டுமே என்று ஃபில்டர் கூட்டையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவினார். இரண்டொரு நாளில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து, செவுள் படபடக்க மூச்சு வாங்கின. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் பச்சையாகிவிட்டது, அம்மோனியா ஏறிவிட்டது என்று பொருள். உடனே பாதி நீரை மாற்றியும் ஒரு மீன் பிழைக்கவில்லை. மீன் வாடியதற்குக் காரணம் ஃபில்டர் போதாததுதான் என்று நினைத்து அவர் இன்னும் பெரிய ஃபில்டர் ஒன்று வாங்கினார். அதிலும் கார்ட்ரிட்ஜ்தான் இருந்தது.

நன்னீரைவிடக் கடல்நீரில் இந்தத் தவறு கடுமையாகத் தாக்கும். கடல்நீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.1 முதல் 8.3 வரை இருக்கும். பிஹெச் ஏற ஏற, மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவத்தின் பங்கும் ஏறும். பிஹெச் 7-இல் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக இருப்பது, கடல்நீரில் பல மடங்காகிவிடும். அதனால் டெஸ்ட் கிட்டில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் அலட்சியம் கூடாது.

சரி, அப்போது எதை வாங்குவது? உள்ளே திறந்த அறை உள்ள ஃபில்டராகப் பாருங்கள். நீர் நுழையும் பக்கம் சொரசொரப்பான ஸ்பாஞ்ச், அதற்குப் பின்னால் செராமிக் ரிங்ஸ் (நுண்துளையுள்ள பீங்கான் வளையங்கள்) அல்லது லைவ் ராக் துண்டுகள். நுண்ணிய பஞ்சு தனி அடுக்காக இருக்கட்டும். அழுக்கானதும் அதை மட்டும் வீசலாம். கார்பன் சின்ன வலைப்பையில் தனியாக. ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள், நீர் மாற்றும்போது எடுத்த தொட்டி நீரிலேயே பிழியுங்கள். ஏற்கெனவே கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வாங்கிவிட்டீர்களா? தூக்கிப் போட வேண்டாம். கார்ட்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஸ்பாஞ்ச் ஒன்றைச் செருகி ஆறு வாரம் ஓடவிட்டு, பிறகு கார்ட்ரிட்ஜை எடுத்துவிடலாம்.

தொட்டியில் போதிய லைவ் ராக் இருந்தால் இந்தக் கவலையில் பெரும்பங்கு தீரும், பாக்டீரியா பாறையிலேயே இருக்கும். ஃபில்டர் நீரைச் சுழற்றி, மிதக்கும் அழுக்கைப் பிடித்தால் போதும். மலிவான ஃபில்டர் உண்மையிலேயே போதுமானதாக ஆவது அப்போதுதான்.

பெட்டியில் போட்ட லிட்டர்

"மணிக்கு 500 லிட்டர்" என்பது பொதுவாக உள்ளே ஸ்பாஞ்சோ பஞ்சோ இல்லாதபோது கிடைக்கும் அளவு. அவற்றை நிரப்பினால் குறையும், அழுக்கேறினால் இன்னும் குறையும். கடல்நீரில் ஆக்சிஜன் நன்னீரைவிடக் குறைவாகவே கரையும் என்பதால் நீர்மட்டம் நன்றாக அசைய வேண்டும். ஃபில்டர் அதைச் செய்யவில்லை என்றால் நீரை அசைக்கும் ஒரு சின்ன மோட்டாரான பவர்ஹெட் சேர்த்துக்கொள்ளுங்கள், பெரிய ஃபில்டர் வேண்டாம்.

குட்டி ஸ்கிம்மர்

நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி இது. வாரம் பத்து சதவீத நீரைத் தவறாமல் மாற்றுகிறவருக்குத் தேவையில்லை.

கேனிஸ்டர்

தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய டப்பா போன்ற ஃபில்டர் இது. மூடியிருப்பதால் திறக்கவே மனம் வராது. உள்ளே அழுக்கு மட்கி நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். மின்சாரம் பல மணி நேரம் நின்றால் உள்ளிருக்கும் ஆக்சிஜன் தீர்ந்து, பாக்டீரியா சாகத் தொடங்கும். அப்படி நின்றதை அப்படியே ஓட்டாதீர்கள். திறந்து முகர்ந்து பாருங்கள், அழுகிய முட்டை வாடை வந்தால் அந்த நீரைக் கொட்டி, உள்ளிருப்பவற்றைத் தொட்டி நீரில் அலசிய பிறகே மாட்டுங்கள்.

உலோகம்

வாங்கும் முன் கழற்றிப் பாருங்கள். உப்புநீர் படும் இடத்தில் ஒரு திருகாணிகூட இருக்கக் கூடாது. இம்பெல்லர் (நீரைத் தள்ளும் சிறு சுழலி) அச்சு செராமிக்கா என்று கேளுங்கள், எஃகு அச்சு துருப்பிடிக்கும்.

விளிம்பில் உப்பு

தொங்கும் ஃபில்டரின் விளிம்பில் நீர் தெறித்துக் காய்ந்து வெள்ளையாக உப்பு ஏறும். வயர் வழியாக ஊர்ந்து பிளக் வரை போகக்கூடும். வயர் சுவிட்சுக்குக் கீழே ஒரு முறை தொங்கி வளைந்து மேலேறட்டும், நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். ஆவியாகிக் குறைந்த நீருக்கு உப்பு கலக்காத நீரையே ஊற்றுங்கள். உப்புநீரை ஊற்றினால் அடர்த்தி கூடிக்கொண்டே போகும்.

பழைய ஃபில்டர்

மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம். ஆனால் செம்பு மருந்து போட்ட தொட்டியில் ஓடியதா என்று கேட்டுவிடுங்கள். இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு கொஞ்சம் போதும், உயிர் போய்விடும். பதில் தெளிவாக வரவில்லையென்றால் உள்ளிருக்கும் ஸ்பாஞ்சையும் ரிங்ஸையும் வீசிவிட்டு, புதிதாகப் போடுங்கள்.