பாதி நிரப்பிய வெப்ப அட்டவணை: டிஜிட்டல் மாறுமின்தடையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாகர்கோவிலில் ஒளியிழை மாட்யூல்களை, அதாவது மின்குறியை லேசர் ஒளியாக்கி இழையில் அனுப்பும் சிறு கருவிகளை, பழுதுபார்த்து அளவுதிருத்தும் வேலைக்குப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொழில் பழகிய காலத்துப் பிழைகளையே இன்றும் செய்கிறார்கள். தகவல் கம்பியை உயர் மின்னழுத்தத்தில் வைக்கும் புல்-அப் மின்தடையை மறப்பது போன்றவை உடனே தெரிந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அட்டவணையைப் பாதியில் நிறுத்துவது

இந்த மாட்யூல்களில் லேசரின் மின்னோட்டத்தை அமைக்கும் டி.எஸ்.1859 சில்லில், எண் எழுதி மதிப்பை மாற்றக்கூடிய இரண்டு டிஜிட்டல் மாறுமின்தடைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் −40 முதல் 102 டிகிரி செல்சியஸ் வரை, 2 டிகிரிக்கு ஒன்றாக 72 மதிப்புகள் கொண்ட அட்டவணை உண்டு; உள்ளே இருக்கும் வெப்ப உணரி காட்டும் அளவுக்கு உரிய மதிப்பைச் சில்லு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். பயிற்சியாளர் ஒருவர் 20 முதல் 44 டிகிரி வரை மட்டும் நிரப்பிவிட்டு, "நம்ம ஊர்ல இதுக்கு மேல வெயில் அடிக்காதே சார்" என்றார். அந்த உணரி அளப்பது ஊரின் வெப்பத்தை அன்று, சில்லின் வெப்பத்தை.

அந்த மாட்யூல் குளச்சல் பக்கம் சாலையோர இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் போனது. நண்பகலில் பிழைகள் குவியும். மாலையில் கடற்காற்று வீசியதும் இணைப்பு சீராகிவிடும். கேபிள்காரர் இழையை வெட்டி மீண்டும் ஸ்பிளைஸ் செய்து இணைத்தார், ஒளியை மின்குறியாக மாற்றும் மீடியா கன்வெர்ட்டரையும் மாற்றினார், எதுவும் பயன்படவில்லை. பவர் மீட்டரில் ஒளித்திறன் சரியாகவே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் தருவது. சராசரித் திறனை ஒளி உணரியின் பின்னூட்டச் சுற்று தானே காத்துக்கொள்ளும். ஆனால் சூடு ஏறும்போது லேசரின் திறன்சரிவு, அதாவது மின்னோட்டம் கூடக்கூட ஒளி கூடும் வீதம், குறைவதால், 1-ஐயும் 0-ஐயும் ஒளியில் வேறுபடுத்திக் காட்டும் பண்பேற்ற மின்னோட்டத்தை அட்டவணைதான் உயர்த்த வேண்டும். நிரப்பாத இடத்தில் என்ன எண் கிடக்கிறதோ அதையே சில்லு எடுத்துக்கொள்ளும். 1-க்கும் 0-க்கும் இடையிலான ஒளி வேறுபாடு சுருங்கிவிடும்.

குளிர், அறைவெப்பம், சூடு என்று குறைந்தது மூன்று நிலைகளில் அளந்து, வளைவரை பொருத்தி, 72 இடங்களையும் நிரப்புங்கள். லேசரின் பண்புகள் வெப்பத்தோடு நேர்கோட்டில் மாறுவதில்லை என்பதால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நேர்கோடு போடுவது ஏமாற்றும். குளிர்நிலைக்கு மீன் ஐஸ் நிரப்பிய தெர்மோகோல் பெட்டியே போதும். ஆனால் நம் கடலோர ஈரப்பதத்தில் பலகை மேல் நீர் கோத்துவிடும் என்பதால், சிலிக்கா ஜெல்லுடன் உறையிட்டு வையுங்கள்.

ஒன்றின் அட்டவணையை இன்னொன்றுக்கு நகலெடுப்பது

சில்லுக்குச் சில்லு, மின்தடையின் முழு மதிப்பே குறித்த அளவிலிருந்து 20 சதவீதம் வரை மாறுபடலாம். லேசர்களும் ஒன்றுபோல் இரா.

"எழுதிய மதிப்பு தானாக மாறுகிறது"

அட்டவணையை இயக்கவும் நிறுத்தவும் உள்ள டி.இ.என். பிட்டை 0 ஆக்காமல் மின்தடை மதிப்பைக் கையால் எழுதினால், அட்டவணை அதை அழித்துவிடும். மின்சாரம் போய்வந்தால் அந்தப் பிட் மீண்டும் 1 ஆகிவிடும்.

கண்காணிப்பு எண்ணை அப்படியே நம்புவது

மாட்யூல் தன் மின்னோட்டத்தையும் ஒளித்திறனையும் தானே அளந்து எண்ணாகச் சொல்லும். அதற்கான எஸ்.எஃப்.எஃப்-8472 தரத்தின்படி அந்த எண்ணின் ஒவ்வோர் அலகும் மின்னோட்டத்தில் 2 மைக்ரோஆம்பியர், ஒளித்திறனில் 0.1 மைக்ரோவாட். பவர் மீட்டர் போன்ற வெளிக் கருவியுடன் ஒப்பிட்டு, சரிவையும் (பெருக்க வேண்டிய திருத்தம்) ஆஃப்செட்டையும் (கூட்ட வேண்டிய திருத்தம்) எழுதும் வரை அந்த எண்ணுக்கும், அதை வைத்து அமைத்த எச்சரிக்கை வரம்புக்கும் பொருளில்லை.

ஈப்ராமில் சுழல் நிரல்

மின்சாரம் போனாலும் மதிப்பைக் காக்கும் ஈப்ராம் நினைவகத்தில், சுழல் நிரல் வைத்துத் திரும்பத் திரும்ப எழுத வேண்டாம். எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு அதில் எல்லை உண்டு.