சின்னக் கம்பெனிப் பங்கு: விற்கும் நேரத்தில் செய்யும் தவறுகள்

சின்னக் கம்பெனிப் பங்கை வாங்க இரண்டு நிமிடம் போதும். விற்கத்தான் எதிரே ஆள் வேண்டும். இதை மறப்பதுதான் பெரிய தவறு.

கையில் 12,000 பங்கு, தினமும் கைமாறுவது சராசரியாக 4,000 என்று வையுங்கள். விலையை உடைக்காமல் விற்க, அன்றாட வால்யூமில் பத்தில் ஒன்று, அதாவது 400 போட்டால் 30 வர்த்தக நாள் ஆகும். ஒன்றரை மாதம்! இந்தக் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.

கெட்ட செய்தி வந்த காலையில் ஆர்டர் திரையைப் பார்த்தால் வாங்குவோர் பக்கம் ஐந்து வரியும் பூஜ்யம், விற்போர் பக்கம் லட்சக்கணக்கில். ஒரு நாளில் பங்கு இதற்குமேல் விழக்கூடாது என்று சந்தை வைக்கும் எல்லைதான் லோயர் சர்க்யூட். 5% லோயர் சர்க்யூட் தினமும் தொடர்ந்து விழுந்தால் 100 ரூபாய்ப் பங்கு ஐந்தாம் நாள் 77 ரூபாய் 38 காசு. ஸ்டாப் லாஸ், அதாவது குறித்த விலைக்கு இறங்கினால் தானாக விற்கக் கிளம்பும் ஆர்டர், இங்கே கைகொடுக்காது. ஆர்டர் கிளம்பும், வாங்க ஆளில்லாமல் நிற்கும். எல்லோரும் ஒரே விலையில் நிற்பதால் முந்தி வந்தவருடையதுதான் முதலில் விற்கும். ஆகவே சந்தை திறக்குமுன் ஆர்டர் வாங்கும் காலை 9 மணி முன்-திறப்பு நேரத்திலேயே, சர்க்யூட் விலையில் லிமிட் ஆர்டர் (விலையை நீங்களே குறித்துப் போடும் ஆர்டர்) போடுங்கள். பிறகு விலையை மாற்றினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

"வாங்கின விலை வரட்டும், வித்துடலாம்" என்பது அடுத்த தவறு. பாதியாக விழுந்த பங்கு பழைய விலைக்கு வர இரண்டு மடங்காக வேண்டும். நீங்கள் வாங்கிய விலை கம்பெனிக்குத் தெரியாது. வாங்கிய காரணம் இன்னும் நிற்கிறதா என்பதே கேள்வி. அந்தக் காரணம் போய்விட்ட பங்கை ஆவரேஜ் செய்வது, அதாவது விலை இறங்க இறங்க இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைப்பது, மாட்டியிருக்கும் பணத்தோடு இன்னும் கொஞ்சத்தை மாட்டிவிடுவதுதான்.

காரணம் போய்விட்டதை எங்கே பார்ப்பது? காலாண்டு முடிந்து 21 நாளுக்குள் வரும் பங்குதாரர் பட்டியலில் புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளி தரப்பின், பங்கு குறைகிறதா, கடனுக்காக அவர்கள் வைத்த பங்கு அடமானம் ஏறுகிறதா என்று பாருங்கள். லாபம் கூடியும் தொழிலில் வரும் ரொக்கம் இரண்டு வருடமாக மைனஸ் என்றால், பெரும்பாலும் வரவேண்டிய பாக்கி வீங்குகிறது என்று பொருள். ஆடிட்டர் நடுவில் விலகினால் விளக்கத்துக்காகக் காத்திருக்காதீர்கள். 2018 மே மாதம், முடிவுகள் வர வேண்டிய நேரத்தில் மன்பசந்த் பெவரேஜஸ் என்ற பானக் கம்பெனியின் ஆடிட்டர் விலகியதும் பங்கு 20% விழுந்து நின்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி லாரி தினமும் போகிறது என்பதால் சென்னைக்காரர் பலர் நஷ்டப் பங்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். லாரி போவது விற்பனைக்குச் சாட்சி. பணம் வசூலானதற்கு அல்ல.

இரண்டு மடங்கானதும் மொத்தத்தையும் விற்பதும் அவசரமே. காரணம் நிற்கிறதென்றால் போட்ட முதலை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விடலாம்.

வரிக்காகக் காத்திருப்பதிலும் கணக்கு வேண்டும். 2024 ஜூலை 23 முதல், 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20%, அதற்கு மேல் போனால் ஆண்டுக்கு 1.25 லட்சம் விலக்கு போக 12.5%. 100-க்கு வாங்கி 140-ல் நிற்கும் பங்கில் விலக்கைச் சேர்க்காமல் வித்தியாசம் 3 ரூபாய். ஒரே ஒரு 5% சர்க்யூட் 7 ரூபாயைக் கொண்டுபோய்விடும். நஷ்டத்தில் விற்றாலும் கெடுவுக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். அதை 8 ஆண்டு வரை வருங்கால மூலதன லாபத்தில் கழித்துக்கொள்ளலாம்.