கொல்லி என்றால் எதைக் கொல்லும்?

மொழிபெயர்ப்புக்குப் புதிதாக வருகிறவர்களின் பிரதிகளைத் திருத்துவது என் வேலையில் பாதி. சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே வரும்போது, ‘அட, இதை நாமும் செய்தோமே’ என்று சில இடங்களில் கை நின்றுவிடும். நாசம் செய்யும் ஆட்கள், பிராணிகள், பொருள்கள் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் வரும்போது அது அடிக்கடி நடக்கிறது. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பெஸ்டிசைடு எல்லாம் பூச்சிக்கொல்லி என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காரணம், இதனால் பணம் இழந்தவன் நான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தெளிப்புக் கையேட்டை மொழிபெயர்த்தேன். கிளைபோசேட் என்ற மருந்துக்கானது. ஆங்கில மூலத்தில் முதல் பக்கத்தில் மட்டும் ‘ஹெர்பிசைடு’ என்று இருந்தது; அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் ‘இந்தப் பெஸ்டிசைடு’ என்றுதான் வந்தது. அகராதியைப் பார்த்தேன், பூச்சிக்கொல்லி என்று போட்டிருந்தது. சரி என்று முதல் பக்கம் உட்பட எல்லாவற்றையும் ஒரே சீராகப் பூச்சிக்கொல்லி ஆக்கிவிட்டேன். சொல் மாறாமல் ஒழுங்காகச் செய்ததில் பெருமை வேறு.

கையேடு அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. விநியோகத்துக்கு முன்னால், வயல்வேலை தெரிந்த ஒருவர் சும்மா புரட்டிப் பார்த்தார். “ஏங்க, இதைப் பூச்சி விழுந்த செடி மேல அடிச்சா செடியே போயிடுமே?” என்றார். உண்மைதான். கிளைபோசேட் இலை வழியாக உள்ளே போய் வேர் வரை இறங்கும். சாதாரணப் பயிருக்கும் களைக்கும் அது வித்தியாசம் பார்க்காது. அத்தனை கட்டும் பழைய பேப்பருக்குப் போனது. என் கூலியில் பாதி பிடித்தம். அது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலத்தில் எழுதியவர் தப்பாக எழுதவில்லை. பெஸ்டிசைடு என்பது குடும்பப் பெயர். பூச்சியைக் கொல்லும் இன்செக்டிசைடு, களையைக் கொல்லும் ஹெர்பிசைடு, பூஞ்சைக்கான ஃபங்கிசைடு, எலிக்கான ரோடென்டிசைடு எல்லாமே அந்த வீட்டுப் பிள்ளைகள். ‘பெஸ்ட்’ என்பதற்குப் பூச்சி என்று பொருளே இல்லை. தொல்லை தரும் எந்த உயிரும் பெஸ்ட்தான், களையும் எலியும் சேர்த்து. பொதுப்பெயர் வேண்டும் என்றால் இலங்கைத் தமிழில் வழங்கும் ‘பீடைகொல்லி’ கச்சிதமான சொல். அது பிடிக்காவிட்டால், எது சாகப்போகிறது என்று பார்த்துக் களைக்கொல்லி, எலிக்கொல்லி என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

இதே வீட்டில் இன்னொரு குழி ‘அகாரிசைடு’. இது கொல்வது சிலந்திப்பேன், உண்ணி வகையறாவை. அவை எட்டுக்கால் பிராணிகள், சிலந்தியின் உறவு, பூச்சியே அல்ல. சில பூச்சிக்கொல்லிகளை அடித்தால், சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, பேன் முன்னைவிடப் பெருகும். பேச்சில் எல்லாவற்றையும் ‘மருந்து’ என்றே சொல்லிவிடுகிறோம். அதனால் டப்பாவில் ஒட்டியிருக்கும் அந்த ஒரு சொல்தான் படிப்பவருக்குத் துணை. அதையும் நாம் தப்பாகப் போட்டால்?

‘சைடு’ வந்தால் மருந்து என்று நினைப்பது

லத்தீனில் கொல்லுதல் என்ற வினையிலிருந்து வந்த ஒட்டு இது. ஆங்கிலத்தில் இது பொருளையும் குறிக்கும், செயலையும் குறிக்கும், செய்த ஆளையும் குறிக்கும். தமிழில் கொல்லி வேறு, கொலை வேறு, கொலையாளி வேறு. 1649-ல் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் மரண ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்கும் ‘ரெஜிசைடு’, அதாவது அரசனைக் கொன்றவர், என்றுதான் பெயர். 1660-ல் முடியாட்சி திரும்பியதும் அவர்களில் சிலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். இதை ஒரு தம்பி ‘அரச கொலைகள் தப்பி ஓடின’ என்று எழுதிக் கொடுத்தார். கொலைக்குக் கால் முளைத்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாண்டலைக் கொள்ளைக்காரன் ஆக்குவது

வாண்டல்கள் 455-ல் ரோமைச் சூறையாடிய ஜெர்மானிய இனத்தார். அவர்கள் அள்ளிக்கொண்டு போனவர்கள்தான். ஆனால் 1794 வாக்கில், பிரெஞ்சுப் புரட்சியில் கலைப்பொருள்கள் உடைக்கப்பட்டதைக் கண்டிக்க, கிரெகுவார் என்ற பாதிரியார் ‘வாண்டலிசம்’ என்ற சொல்லைப் பரப்பினார். அன்றிலிருந்து அது உடைப்பவனின் பெயர். இன்றைய வாண்டல் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பேருந்து நிறுத்தக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போகிறான். ‘சபோட்டர்’, அதாவது நாசவேலைக்காரன், வேறு ஆள். அவன் உடைப்பதற்கு ஒரு நோக்கம் இருக்கிறது. எந்திரத்துக்குள் மரச்செருப்பை எறிந்ததால் அந்தப் பெயர் வந்தது என்ற கதையை அடிக்குறிப்பில் சேர்க்காதீர்கள், அதற்கு ஆதாரம் இல்லை.

ஐகனோகிளாஸ்ட்

பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், 8-ம் நூற்றாண்டு என்றால் திருவுருவங்களை உடைத்தவர். இன்றைய செய்தித்தாள் என்றால் பெரும்பாலும் மரபை எதிர்ப்பவர், கையில் சுத்தியல் கிடையாது.

டெர்மைட்

கரையான். ‘வெள்ளை எறும்பு’ வேண்டாம். அது கரப்பான் பூச்சிக்குத்தான் நெருங்கிய உறவு.

காஸ்டிக்

அமிலம் அல்ல. வேதியியல் பிரதியில் வந்தால் பெரும்பாலும் காரம். அமிலம், காரம் இரண்டுக்கும் பொதுவானது ‘கரோசிவ்’.

எல்லா அரிப்பையும் துரு என்பது

துரு இரும்புக்கு மட்டும். செம்புக்குக் களிம்பு என்று நம்மிடம் அழகான சொல் இருக்கிறது. போன வாரம் வந்த பிரதியில், நியூயார்க்கின் சுதந்திர தேவி சிலை ‘துருப்பிடித்துப் பச்சையானது’ என்று இருந்தது. அதன் மேற்தோல் செம்பு. அந்தப் பச்சை சிலையை அழிக்கவில்லை, அடியில் உள்ள செம்பைக் காக்கிறது. நிஜமாகத் துருப்பிடித்தது உள்ளே இருந்த இரும்புச் சட்டங்கள். 1986-ல் முடிந்த சீரமைப்பில் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகு போட்டார்கள். மூலத்தின் அடுத்த பத்தியே அதைத்தான் சொல்கிறது. அங்கே ‘ரஸ்ட்’ என்று சரியாகவே இருந்தது. நம்மவர் அதைக் ‘களிம்பு’ ஆக்கியிருந்தார்.