பார்லி ஒயினை முதிர வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை, விற்கத்தான் கூடாது. இங்கே வந்த மூன்றாம் குளிர்காலத்தில் முதன்முதலாகப் பார்லி ஒயின் காய்ச்சினேன். பெயரில் ஒயின் இருந்தாலும் அது பீர்தான். மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, அள்ளிப் போட்டுக் காய்ச்சும் பழைய ஆங்கிலேய வகை; ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். முதல் வாய் குடித்ததும் தொண்டை எரிந்தது, நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை மூக்கில் ஏறியது. "ஒரு வருஷம் வை, சரியாகிவிடும்" என்றார்கள். இரண்டு வருஷம் வைத்தேன். எரிச்சல் போகவில்லை.

எரிச்சலில் இரண்டு வகை உண்டு என்பது அப்புறம்தான் புரிந்தது. ஒன்று, சாதாரண எத்தனாலின் சூடு. புது பீரில் அது தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மாதங்கள் போகப் போக மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பும் அதோடு சேர்ந்து இழையும். மூடிய பாட்டிலிலிருந்து ஆல்கஹால் எங்கும் போவதில்லை, நாக்குக்குத்தான் அது அடங்கித் தெரிகிறது. இன்னொன்று, ஃபியூசல் ஆல்கஹால்கள். அதிகச் சூட்டிலும் நெருக்கடியிலும் ஈஸ்ட் உண்டாக்குபவை அவை. காலம் அவற்றைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. உப்பு குறைந்த ஊறுகாயை ஜாடியில் எத்தனை மாதம் வைத்தாலும் அது கெடுமே தவிரத் தேறாது. இதுவும் அப்படித்தான்.

ஆகவே, முதிர வைப்பதில் நடக்கும் பெரிய தவறு, முதிர வைப்பதற்கு வெகு முன்பே, நொதித்தலின் முதல் மூன்று நாளில் நடந்துவிடுகிறது. நான் வாளியை ஹீட்டர் பக்கத்தில் வைத்திருந்தேன். அறை 20 டிகிரிதானே என்று நினைத்தேன். ஆனால் ஈஸ்ட் வேலை செய்யும்போது தானே சூட்டைக் கிளப்பும்; உள்ளே அறையைவிட நான்கைந்து டிகிரி கூடிவிடலாம். அதனால் பார்க்க வேண்டியது அறையின் வெப்பத்தை அல்ல, வாளிக்குள் இருப்பதன் வெப்பத்தை. பெரும்பாலான ஆங்கிலேய ஏல் ஈஸ்ட்டுக்கு ஆரம்பத்தில் 17, 18 டிகிரி போதும். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, ஐஸ் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டாலே இது கைகூடும். வேகம் தணிந்த பிறகு 20, 21 வரை மெல்ல ஏற விடலாம். மிச்சச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்று முடிக்கும். 18ஆம் நூற்றாண்டில் கிராமத்து மாளிகைகளில் இப்படிப்பட்ட பீரை அக்டோபரில் காய்ச்சி, ஒன்றிரண்டு வருஷம் பீப்பாயில் வைத்தார்கள். "அக்டோபர் பீர்" என்றே அதற்குப் பெயர். குளிரூட்டும் பெட்டி இல்லாத காலத்தில் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் அறிவு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஈஸ்ட்டில் சிக்கனம் பிடிப்பதும் அதே விளைவைத் தரும். நொதிக்கும் முன் அடர்த்தி 1.100 (தண்ணீருக்கு 1.000) உள்ள 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் ஒன்று போதாது. இரண்டு போடுங்கள், மூன்று என்றாலும் தவறில்லை. ஈஸ்ட் போடும் நேரத்தில் காற்று நன்றாகக் கலக்கட்டும். நொதித்தல் தொடங்கிய பிறகோ காற்றுதான் எதிரி. பிளாஸ்டிக் வாளியில் மாதக்கணக்கில் விட்டால் அதன் சுவர் வழியாகவே ஆக்சிஜன் கசியும். கண்ணாடி ஜாடிக்கு மாற்றுங்கள், கழுத்துவரை நிரப்புங்கள், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பில்) தண்ணீர் வற்றியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். வருஷக்கணக்கில் துளித்துளியாகச் சேரும் ஆக்சிஜன் உலர்திராட்சை வாசத்தைத் தரும். ஒரேயடியாகப் புகுந்தால் நனைந்த அட்டைப்பெட்டியின் சுவைதான் மிஞ்சும்.

ஆல்கஹாலைக் கூட்ட வெள்ளைச் சர்க்கரையைக் கொட்டுவதையும் தவிருங்கள். உடம்பு மெலிந்த பீரில் ஆல்கஹால் ஒளிய இடமே இருக்காது.

பாட்டிலில் அடைக்க அவசரம் ஆகாது. அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.030 காட்டினால் நொதித்தல் முடிந்ததா, பாதியில் நின்றதா என்று சொல்ல முடியாது. ஒரு வாரம் அதே எண் நிற்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றது பாட்டிலுக்குள் மறுபடி கிளம்பினால் கண்ணாடி வெடிக்கும், கையும் கண்ணும் போகும். ஜாடியிலேயே ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலோ உள்ளே இருக்கும் ஈஸ்ட் களைத்திருக்கும். அடைக்கும்போது புதிதாகக் கொஞ்சம் சேர்க்காவிட்டால் நுரையே வராது.

வைக்கும் இடம் இருட்டாக, 10 முதல் 13 டிகிரிக்குள் இருக்கட்டும். பழுப்பு பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், ஒயின் மாதிரிப் படுக்க வைக்க வேண்டாம். எல்லா பீரும் இதற்கு ஏற்றதும் அல்ல. ஹாப்ஸை நிறையப் போட்டுக் காய்ச்சும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) போன்றவற்றின் உயிரே ஹாப்ஸின் வாசம். அதுதான் முதலில் போகும்.

330 மில்லி பாட்டில்களாக அடைத்து, மூன்று மாதத்துக்கு ஒன்று திறந்து, சுவையை நோட்டில் எழுதி வைக்கிறேன். குடிப்பது 12 டிகிரி வாக்கில். அதைவிடச் சூடானால் அடங்கிய ஆல்கஹாலும் எழும்பும். குளிர்ச்சியாக நொதிக்க வைத்த இரண்டாவது பார்லி ஒயின் ஆறாம் மாதம் இன்னும் முரடாகத்தான் இருந்தது. பதினைந்தாம் மாதம் திறந்ததில் பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் மணந்தன, தொண்டையில் இதமான சூடு மட்டும் இறங்கியது. மீதி பதினொரு பாட்டில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கின்றன. அடுத்ததைத் திறக்க பிப்ரவரி வரை பொறுத்திருக்கிறேன்.