காட்டின் உச்சிக் கவிகையை ஆராய்வதும் காப்பதும்

காட்டின் கவிகையை, அதாவது மரவுச்சிகளின் கிளைகளும் இலைகளும் சேர்ந்து அமைக்கும் கூரையை, அறிய விரும்புபவர் எடுத்த எடுப்பில் மரமேற வேண்டியதில்லை. பலத்த காற்றுக்குப் பின் தரையில் விழுந்து கிடக்கும் கிளையொன்றில் ஒட்டியிருக்கும் பாசி, லைக்கன் (பூஞ்சையும் பாசியினமும் இணைந்து பட்டையில் படரும் உயிர்), ஆர்க்கிட் வேர் ஆகியவற்றையும், அவற்றுக்கடியில் சேர்ந்த மட்கில் ஊரும் சிற்றுயிர்களையும் கைலென்சால் பார்த்தாலே மேலுள்ள வாழ்வின் ஒரு பகுதி விளங்கிவிடும். பனாமாவில் ஒரே வகையைச் சேர்ந்த 19 மரங்களின் உச்சியில் திரட்டிய ஏறத்தாழ 1,200 வண்டினங்களைக் கொண்டு, வெப்பமண்டலக் கணுக்காலி (பூச்சி, சிலந்தி போன்றவை) இனங்கள் 3 கோடி இருக்கலாமெனப் பூச்சியியலாளர் டெரி எர்வின் 1982-இல் கணித்தார்; அந்த எண் மிகையெனப் பின்னர் கருதப்பட்டாலும், அறிவியலாளர் பலரின் கவனத்தை அது மேல்நோக்கித் திருப்பியது.

ஏறத்தான் வேண்டுமெனில், உரிய அனுமதியுடனும் பயிற்சி பெற்ற துணையுடனும் கயிற்று முறையிலேயே ஏறுங்கள். முள் பொருத்திய காலணி பட்டையைத் துளைத்து நோய்க்கு வழிவிடும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும். கூடோ தேனடையோ இருப்பது தொலைநோக்கியில் தெரிந்தால், வேறு மரத்துக்குச் செல்வதே முறை. காணும் ஒவ்வோர் உயிருக்கும் உயரத்தோடு, அது அடிமரத்திலா, உட்கிளையிலா, நுனிக்கிளையிலா இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒளியும் ஈரமும் சில மீட்டர்களுக்குள்ளேயே மாறிவிடுவதால், இடக்குறிப்பில்லாத பட்டியல் அதிகம் பயன்படாது.

பாதுகாப்பில் முதலிடம் உயிர்கள் தங்கும் பொந்துள்ள முதுமரங்களுக்கே தரப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து, ஏனெனில் எத்தனை கன்றுகளை நட்டாலும் அந்தப் பொந்துகள் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். சாலை கவிகையைப் பிளக்குமிடத்தில் இருபுறக் கிளைகளும் தொட்டுக்கொள்ள விடுங்கள். இயலாவிடில், மரவாழ் விலங்குகள் கடக்கக் கயிற்றுப் பாலம் கட்டலாம்.